வீடு மட்டும் போதாது, பள்ளியும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏழைக் குடியிருப்பை இடித்துப் புது அடுக்குமாடி எழுப்பினால் மட்டும் ஒரு பகுதி மீண்டுவிடாது என்பதற்கு அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள ஈஸ்ட் லேக் சான்று. குற்றங்களுக்குப் பேர்போன 650 வீடுகள் கொண்ட அரசுக் குடியிருப்பு 1990-களில் அகற்றப்பட்டு, அங்கே கட்டப்பட்ட 542 வீடுகளில் பாதி அரசு உதவி பெறுவோருக்கும் மறுபாதி சந்தை வாடகை தருவோருக்கும் ஒதுக்கப்பட்டதோடு, 2000-இல் அருகிலேயே ஒரு பள்ளியும் திறக்கப்பட்டது. என் பார்வையில் பள்ளிதான் உயிர்நாடி. வசதியுள்ளவர்கள் தம் பிள்ளைகளை அங்கேயே சேர்க்காவிட்டால், ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கினாலும் இரு குடும்பங்களும் அந்நியராகவே இருக்கும். 13 வயதுக்கு முன்பே வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபெயர்ந்த பிள்ளைகள், இருபதுகளின் நடுவில் சுமார் 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்ததாக ராஜ் செட்டி உள்ளிட்ட பொருளியலாளர்களின் 2016-ஆம் ஆண்டு ஆய்வு கூறுகிறது.

ஆனால் கணக்கும் உறுத்துகிறது: ஈஸ்ட் லேக்கில் ஏழைகளுக்கென இருந்த 650 வீடுகள் ஏறத்தாழ 270 ஆகிவிட்டன. இத்தகைய திட்டங்களில், பழைய குடும்பங்கள் திரும்பி வரும் உரிமையை, முதல் சுவர் இடிக்கப்படுவதற்கு முன்பே எழுத்தில் தர வேண்டும். லண்டனில் சில கட்டடங்களில் செய்ததுபோல, குறைந்த வாடகைக்காரர்களுக்குத் தனி வாசல் வைப்பதையும் அனுமதிக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்