கர்ப்பப் பரிசோதனைக் கார்டு வாங்குகிறவர்களுக்கு எங்கள் மருந்துக்கடையிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கர்ப்பமா இல்லையா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் கார்டை வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் கவுன்டரில் நின்று பேசுவதில்லை. பெயரைச் சொல்லத் தயங்கி விரலால் காட்டுவார்கள். பில் போட்டு முடிப்பதற்குள் கார்டு கைப்பைக்குள் போயிருக்கும். பக்கத்தில் நாலு பேர் நிற்கும்போது என்றைக்குப் பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும் என்று விளக்க எங்களாலும் முடிவதில்லை. அதை எழுதியே கொடுத்துவிடலாம் என்றுதான் இந்த மடல்.

எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, எந்தக் கம்பெனி கார்டு நல்லது என்பது. பிரீகா நியூஸ், ஐ-கேன், வெலாசிட் எல்லாமே ஒரே முறையில்தான் வேலை செய்கின்றன. கடைகளில் கிடைக்கும் கார்டுகளில் பெரும்பாலானவை, ஒரு மில்லி லிட்டர் சிறுநீரில் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் ஏறக்குறைய 25 மில்லி யூனிட் இருந்தால் கோடு காட்டும்படி செய்யப்பட்டவை. எந்த கார்டு என்பதைவிட எந்த நாளில் பார்க்கிறீர்கள் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

காரணம் இதுதான். கருமுட்டை வெளியாகி, கரு உண்டாகி, அது கர்ப்பப்பையின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ள 6 முதல் 12 நாள் ஆகும். ஒட்டிய பிறகுதான் எச்.சி.ஜி. சுரந்து ரத்தத்தில் கலந்து சிறுநீருக்கு வரும். ஆரம்ப வாரங்களில் இதன் அளவு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். இன்றைக்கு 8 மில்லி யூனிட் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் 16, நான்கு நாளில் 32. இன்று பார்த்தால் ஒரே கோடு, நான்கு நாள் கழித்துப் பார்த்தால் இரண்டு கோடு. கார்டில் கோளாறு எதுவும் இல்லை. அவசரப்பட்டு முன்கூட்டியே பார்த்ததுதான் வித்தியாசம்.

ஆகவே, பீரியட்ஸ் மாதாமாதம் சரியாக வருகிறவர்கள், வர வேண்டிய தேதி கடந்த பிறகு பாருங்கள். அதிலிருந்து ஒரு வாரம் பொறுக்க முடிந்தால் முடிவு இன்னும் உறுதியாக இருக்கும். பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) உள்ளவர்களுக்கும், 35 நாள், 45 நாள் என்று தள்ளித் தள்ளி வருகிறவர்களுக்கும் ‘வர வேண்டிய தேதி’ என்று ஒன்றைக் குறிக்க முடியாது. அவர்கள் கடைசியாக உடலுறவு கொண்ட நாளிலிருந்து 21 நாள் எண்ணிக்கொண்டு பார்த்தால் முடிவை நம்பலாம். அவசரக் கருத்தடை மாத்திரை போட்டவர்களுக்கு அந்த மாதம் பீரியட்ஸ் முன்னே பின்னே ஆவது வழக்கம்தான். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் பாருங்கள். தாய்ப்பால் கொடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு முதல் பீரியட்ஸ் வருவதற்கு முன்பே கருமுட்டை வெளியாகிவிடலாம். ‘இன்னும் பீரியட்ஸே வரவில்லையே, எப்படித் தங்கும்’ என்று இருந்துவிட வேண்டாம்.

இனிப் பார்க்கும் முறை. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் நல்லது. இரவு முழுக்கத் தேங்கியிருப்பதால் ஹார்மோன் அதில் செறிவாக இருக்கும். நாள் தள்ளி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டால் எந்த நேரத்திலும் பார்க்கலாம். பகலில் பார்ப்பதாக இருந்தால் மூன்று நான்கு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருந்து, அந்த இடைவெளியில் நிறையத் தண்ணீர் குடிக்காமல் பாருங்கள். இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தால், ஆரம்ப நாட்களில் இருக்கிற கோடும் காணாமல் போகும்.

சிறுநீரைப் பிடிக்கும் கப் சுத்தமாக, ஈரமில்லாமல் இருக்க வேண்டும். சோப்பு போட்டுக் கழுவிய டம்ளரில் சோப்பு மிச்சமிருந்தால் முடிவு கெடும். கார்டின் கவரைப் பார்ப்பதற்குச் சற்று முன்தான் பிரிக்க வேண்டும். முந்தின இரவே பிரித்து வைத்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுப்போகும். உள்ளே கார்டு, சின்ன டிராப்பர், ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஆகியவை இருக்கும். பொட்டலத்தைக் குழந்தைகள் கையில் படாமல் குப்பையில் போட்டுவிடுங்கள். கார்டைச் சமமான இடத்தில் படுக்க வைத்து, ‘எஸ்’ என்று எழுதிய குழியில் அட்டையில் சொன்னபடி சொட்டு விடுங்கள். பெரும்பாலும் மூன்று சொட்டு. டிராப்பரை நேராகப் பிடித்து ஒவ்வொரு சொட்டாக விட வேண்டும். உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் மூன்று சொட்டு என்று நாம் எண்ணுவது உண்மையில் இரண்டாகத்தான் இருக்கும். பத்துச் சொட்டு ஊற்றினாலும் தவறு; சிறுநீர் பெருகி கோடு தெரிய வேண்டிய இடம் கலங்கலாகிவிடும். குச்சி போன்ற ஸ்டிரிப் வாங்கினவர்கள், அதில் போட்டிருக்கும் அளவுக்கோட்டைத் தாண்டி நனைக்க வேண்டாம்.

சொட்டு விட்டதும் கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்தாவது நிமிடம் முடிவைப் படித்துவிட்டு, பத்து நிமிடம் ஆனதும் கார்டைக் குப்பையில் போட்டுவிடுங்கள். இதை நாங்கள் அழுத்திச் சொல்கிறோம். குளித்துவிட்டு வந்து பார்ப்பது, குப்பைத் தொட்டியிலிருந்து சாயங்காலம் எடுத்து இன்னொரு முறை பார்ப்பது, இரண்டும் வீண் மனக்கலக்கத்தில்தான் முடியும். ஏன் என்று சொல்கிறோம்.

கார்டுக்குள் இருப்பது ஒரு நீளமான உறிஞ்சும் தாள். அதன் தொடக்கத்தில், மிக நுண்ணிய தங்கத் துகள்களோடு சேர்த்த எதிர்ப்பொருள் காய்ந்த நிலையில் இருக்கும். அந்த அளவில் தங்கம் செந்நிறமாகத் தெரியும். சிறுநீர் ஊறி வரும்போது இந்தத் துகள்களையும் இழுத்துக்கொண்டு போகும். எச்.சி.ஜி. இருந்தால் அது துகளோடு ஒட்டிக்கொண்டு, ‘டி’ என்ற இடத்தில் பிடிபட்டு நிற்கும். துகள்கள் அங்கே குவிவதுதான் நாம் பார்க்கும் கோடு. ஹார்மோன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ‘சி’ என்ற இடத்தில் ஒரு கோடு விழ வேண்டும். சிறுநீர் தாள் முழுக்க ஓடியது, கார்டு வேலை செய்தது என்பதற்கு அது சாட்சி. ‘சி’யில் கோடு விழாவிட்டால், ‘டி’யில் என்ன தெரிந்தாலும் அந்த முடிவு செல்லாது. புதுக் கார்டில் பாருங்கள்.

‘சி’யில் மட்டும் கோடு என்றால் நெகட்டிவ், இரண்டிலும் என்றால் பாசிட்டிவ். குழப்பமெல்லாம் மங்கலான கோட்டில்தான். ஐந்து நிமிடத்துக்குள், நிறத்தோடு, ‘சி’ கோட்டின் அகலத்திலேயே விழுந்த கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பாசிட்டிவ் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ‘டி’ கோடு ‘சி’ அளவுக்கு அழுத்தமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. நேரம் கடந்த பிறகு சாம்பல் நிறத்தில், தண்ணீர்க்கறை காய்ந்த தடம் போல ஒரு கோடு வந்தால் அது சிறுநீர் உலர்ந்த அடையாளம். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எது என்று தெரியவில்லையா? 48 மணி நேரம் விட்டு, காலைச் சிறுநீரில், புதுக் கார்டில் பாருங்கள். கரு தங்கியிருந்தால் கோடு அழுத்தமாகும். அன்றைக்கே நான்கு கார்டு வாங்கி அடுத்தடுத்துப் பார்ப்பதால் காசுதான் செலவாகும்.

முதலில் மங்கலாகத் தெரிந்து, சில நாளில் மறைந்து, பீரியட்ஸும் வந்துவிடுவது உண்டு. கரு ஒட்டிய சில நாட்களிலேயே நின்றுவிட்டது என்று அர்த்தம். இது பல பெண்களுக்கு நடப்பது. மாடிப்படி ஏறியதாலோ பப்பாளி சாப்பிட்டதாலோ நடந்தது என்று அந்தப் பெண்ணை வீட்டில் யாரும் பேசிவிட வேண்டாம்.

கரு இல்லாமலேயே பாசிட்டிவ் காட்டும் சூழ்நிலைகள் சில உண்டு. குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கிறவர்களுக்கு முட்டை வெடிக்கப் போடும் ஊசி பெரும்பாலும் எச்.சி.ஜி.யேதான். அது உடம்பைவிட்டுப் போக இரண்டு வாரம் வரை ஆகலாம். அதனால் டாக்டர் சொன்ன தேதிக்கு முன் பார்க்காதீர்கள். கரு கலைந்த பிறகும் பிரசவத்துக்குப் பிறகும் சில வாரங்கள் ஹார்மோன் மிச்சமிருக்கும். கரு சரியாக வளராமல் நீர்க்கொப்புளக் கொத்தாக மாறும் முத்துப்பிள்ளைக் கர்ப்பத்திலும் பாசிட்டிவ் வரும், அதற்குக் கட்டாயம் மருத்துவம் தேவை. காய்ச்சல் மாத்திரை, ஆன்டிபயாட்டிக், கருத்தடை மாத்திரை இவற்றால் முடிவு மாறாது.

உப்பு, சர்க்கரை, பற்பசை போட்டு நுரை வருகிறதா என்று பார்ப்பது வீட்டுக்கு வீடு நடக்கிறது. அவற்றில் எதுவும் எச்.சி.ஜி.யோடு வினைபுரிவதில்லை. அதில் வரும் நுரையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

நெகட்டிவ் வந்தும் பீரியட்ஸ் வரவில்லையென்றால் ஒரு வாரம் விட்டு மறுபடியும் பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். தைராய்டு, பிசிஓடி போன்ற காரணங்கள் இருக்கலாம். இரண்டு மூன்று மாதம் நாள் தள்ளி, மசக்கையும் இருந்து, கார்டு மட்டும் நெகட்டிவ் காட்டினால் கார்டை நம்பி இருக்க வேண்டாம். ஹார்மோன் அளவு மிக அதிகமாகிவிட்டால் கோடு விழாமல் போவது அபூர்வமாக நடக்கும். ஸ்கேனில் தெரிந்துவிடும்.

பாசிட்டிவ் என்றால், கடைசி பீரியட்ஸ் தொடங்கிய தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு டாக்டரையோ கிராம சுகாதார செவிலியரையோ பாருங்கள். வாரக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்கும். தேவைப்பட்டால் பீட்டா எச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். அதற்கு வெறும் வயிறு தேவையில்லை. வழக்கமாகப் போடும் வலிப்பு, பிரஷர், முகப்பரு மாத்திரைகள் இருந்தால் முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். அரசு உதவித்தொகைக்கு 12 வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தச் சிறுநீர்ப் பரிசோதனையை இலவசமாகவே செய்கிறார்கள்.

பாசிட்டிவ் வந்த பிறகு அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, ரத்தப்போக்கு, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றி மயக்கம், இவற்றில் எது வந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கரு கர்ப்பப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருக்கலாம். கார்டு கரு எங்கே இருக்கிறது என்று காட்டாது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

இதே காரணத்தால்தான், சீட்டு இல்லாமல் கலைப்பு மாத்திரை கேட்டால் நாங்கள் கொடுப்பதில்லை. குழாயில் தங்கிய கருவுக்கு அந்த மாத்திரை வேலை செய்யாது. அதைப் போட்டுவிட்டு முடிந்துவிட்டது என்று இருப்பவருக்குத்தான் பெரிய ஆபத்து. சட்டப்படி டாக்டரிடம் போக வழி இருக்கிறது. 1971-ஆம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டமும் அதன் 2021 திருத்தமும் பெண்ணின் விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கின்றன. கல்யாணம் ஆகாதவர்களுக்கும் இது பொருந்தும்.

கார்டை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். 30 டிகிரிக்குமேல் சூடு ஆகாது. வெயிலில் நிற்கும் வண்டியின் டிக்கியிலோ குளியலறை அலமாரியிலோ வைக்க வேண்டாம். வாங்கும்போது காலாவதி தேதியைப் பாருங்கள், கவர் கிழியாமல் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். கவரில் ஓட்டை இருந்தால் மாற்றிக் கொடுப்போம். கவுன்டரில் கேட்கத் தயக்கமாக இருந்தால் ஒரு சீட்டில் ‘கார்டு’ என்று எழுதிக் காட்டினால் போதும். காகிதக் கவரில் போட்டுத் தருவோம். யாருக்கு, எதற்கு என்று எங்கள் ஆட்கள் கேட்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருந்துக்கடையின் மருந்தாளுநர்கள்