சுவரைத் தட்டுவது யார்?

ஆசிரியருக்கு,

உளவியல் திகில் படங்களைப் பற்றித் தங்கள் சினிமா பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். படங்களின் தேர்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அத்தனை படங்களையும் கட்டுரையாளர் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்கிறார்: பேய் நிஜமா, மனப்பிரமையா? நிஜம் என்றால் பேய்ப்படம், பிரமை என்றால் உளவியல் படம் என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார். குற்றவுணர்வையும் மனக்காயத்தையும் வைத்துப் பின்னிய படங்களுக்கு இந்தத் தராசு ஒத்துவராது. பேய் இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். அந்தப் பாத்திரம் எதைச் செய்தது, அல்லது எதைச் செய்யாமல் விட்டது? அது ஏன் குறிப்பாக இந்த உருவத்தில் திரும்பி வருகிறது? பேயும் பழியும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருந்தால் படம் நிற்கும். இல்லாவிட்டால் எப்பேர்ப்பட்ட ஒளிப்பதிவும் கைகொடுக்காது.

ராபர்ட் வைஸ் இயக்கிய ‘தி ஹான்டிங்’ (1963) படத்தையே எடுத்துக்கொள்வோம். ஷெர்லி ஜாக்சனின் 1959 நாவலிலிருந்து பிறந்தது அது. எலினார் என்ற பெண் நோயில் கிடந்த தாயை 11 ஆண்டுகள் பார்த்துக்கொண்டவள். தாய் இறந்த இரவில் சுவரைத் தட்டிக் கூப்பிட்டிருக்கிறாள்; இவள் போகவில்லை. தட்டல் காதில் விழவே இல்லையா, விழித்தும் திரும்பிப் படுத்துவிட்டாளா என்பது அவளுக்கே தெளிவில்லை. பிறகு, பேய் நடமாடுவதாகச் சொல்லப்படும் ஒரு பழைய வீட்டில் அவள் தங்கும் முதல் இரவு. சுவர் அதிர அதிரத் தட்டல் கேட்கிறது. தூக்கக் கலக்கத்தில் தாய்க்குப் பதில் சொல்லிக்கொண்டே எலினார் எழுகிறாள். அவளை மிரட்ட அந்த வீடு ரத்தத்தையோ மண்டையோட்டையோ தேடிப் போகவில்லை. அவள் ஒரே ஒருமுறை பதில் சொல்லாமல் விட்ட ஓசையை எடுத்துக்கொண்டது. படத்தில் பேய் ஒருமுறைகூடக் கண்ணில் படுவதில்லை. ஒரு கதவு மூச்சு வாங்குவதுபோல் உள்நோக்கிப் புடைக்கும், அவ்வளவுதான். தட்டியது பேயா, எலினாரின் நெஞ்சா என்று விடிய விடிய வாதாடலாம். எந்தப் பக்கம் தீர்ந்தாலும் தட்டல் அதே தட்டல்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அந்தக் குறுகுறுப்புக்கு இங்கே ஒரு சுவரும் ஒரு நேரமும் கிடைத்திருக்கின்றன.

எழுதும் மேசையில் இதைச் செய்வதற்கு ஒரு முறை உண்டு. முதலில் குற்றத்தை ஒரே வரியில், வினைச்சொல்லோடு எழுத வேண்டும். ‘அவனுக்குள் ஒரு பழைய ரணம்’ என்பது வரியாகாது. ‘தம்பி கூப்பிட்டபோது போனில் பேசிக்கொண்டிருந்தான்’ என்பது வரி. அடுத்து, சம்பவத்துக்கு முந்தைய ஒரு நிமிடத்தில் அங்கே என்னென்ன இருந்தன என்று குறித்துக்கொள்ள வேண்டும்: ஓசை, வாசனை, வெளிச்சம், கையிலிருந்த பொருள். பேய் வர வேண்டியது அந்தக் குறிப்பிலிருந்துதான். அதிர்ச்சிக்கு ஆளானவர்களிடம் அழையாமல் வந்து நிற்கும் நினைவுகளில் பலவும், சம்பவத்துக்குச் சற்று முன் கண்டதாகவும் கேட்டதாகவும் இருக்கின்றன என்று உளவியலாளர் ஆங்கே ஏலர்ஸ் குழுவினர் 2002-ல் எழுதினார்கள். விபத்தில் தப்பியவரைத் துரத்துவது நொறுங்கிய வண்டியைவிட, எதிரே வந்த முகப்பு விளக்கு. ‘இது தெரிந்தால் ஆபத்து வருகிறது’ என்று மூளை அதற்கு ஓர் அடையாளம் போட்டு வைத்துக்கொள்கிறது. பிணத்தையே காட்டும் படம் அருவருப்போடு நின்றுவிடும். முகப்பு விளக்கைப் பிடித்துக்கொண்ட படத்துக்குத் தெருவில் போகிற எந்த வண்டியும் நடிகர்தான்.

நிக்கோலஸ் ரோக்கின் ‘டோன்ட் லுக் நவ்’ (1973) தொடங்கும் விதத்தைப் பாருங்கள். வெளியே சிவப்பு மழைக்கோட்டுப் போட்ட சிறுமி குளத்தோரம் விளையாடுகிறாள். வீட்டுக்குள் தந்தை ஒரு தேவாலயத்தின் ஸ்லைடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒன்றில் சிவப்பு முக்காடிட்ட உருவம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. தம்ளர் கவிழ்கிறது. ஸ்லைடில் நீர் பட்டுச் சிவப்பு கரைந்து பரவுகிறது. எதையோ உணர்ந்து ஓடுகிறார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிறகு வெனிஸ் நகரின் கால்வாய்ச் சந்துகளில் அந்தச் சிவப்பு தென்பட்டு மறையும்போது யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. நீர், சிவப்பு, தாமதம் மூன்றும் முதல் சில நிமிடங்களிலேயே நம் கைக்கு வந்துவிட்டன.

குற்றவுணர்வு என்றதும் கொலைப்பழியை நினைப்பது திரைக்கதைகளில் அடிக்கடி நேரும் பிழை. செய்த குற்றம் ஒன்று. தடுத்திருக்கலாமே, தடுக்கவில்லையே என்பது இன்னொன்று. தன்மேல் எந்தத் தவறும் இல்லாமல், நான் மட்டும் பிழைத்துவிட்டேனே என்று மருகுவது மூன்றாவது. காரணமே இல்லாமல் தன்னைத்தானே பழித்துக்கொள்வதை 2013-ல் வெளியான டிஎஸ்எம்-5 மருத்துவக் கையேடு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநெருக்கடியின் அறிகுறிகளில் சேர்த்திருக்கிறது. மூன்றுக்கும் ஒரே பழிவாங்கும் பேயைப் போட்டால் முதலாவதற்கு மட்டுமே பொருந்தும். தடுக்காமல் விட்டவனிடம் வரும் பேய் கழுத்தை நெரிக்கத் தேவையில்லை. அன்று கேட்ட உதவியை இன்றும் அதே குரலில் கேட்டால் போதும். பிழைத்தவனிடம் வருவது கோபப்படவே கூடாது. பக்கத்து நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அவமானம் வேறு சரக்கு: குற்றவுணர்வு ‘நான் செய்தது தவறு’ என்று சொல்லும், அவமானம் ‘நானே தவறு’ என்று சொல்லும். முன்னது வெளியிலிருந்து கதவைத் தட்டும், பின்னது கண்ணாடிக்குள்ளிருந்து பார்க்கும். (பாதிப் படங்களில் கண்ணாடிக் காட்சி எடுபடாமல் போவது இதனால்தான். அவமானத்தின் கருவியைக் கொண்டுவந்து குற்றவுணர்வுக்கு மாட்டிவிடுகிறார்கள்.)

ஃபிளாஷ்பேக்கில் விழும் அடி இதைவிடப் பெரிது. நீலச் சாயம் பூசி, தொடக்கம் முதல் முடிவுவரை ஒழுங்காக, யாரோ மூன்றாம் மனிதர் பார்ப்பதுபோல் ஐந்து நிமிடம் ஓட்டுகிறார்கள். மனக்காயத்தின் நினைவு துண்டு துண்டாகத்தான் வரும். பழையது என்ற முத்திரை இல்லாமல், இப்போதே நடப்பதுபோல் வரும். எனவே நினைவுத் துண்டுக்கும் நிகழ்காலக் காட்சிக்கும் ஒரே நிறம், ஒரே லென்ஸ், ஒரே ஒலிச்சூழல் வைத்து, டிசால்வ் (ஒரு காட்சி கரைந்து அடுத்தது தோன்றுவது) எதுவும் போடாமல் நேர்வெட்டில் 8 முதல் 12 ஃபிரேம் வரை நுழைத்தால் போதும். 24 ஃபிரேம் ஒரு நொடி. எட்டுக்கு வெகுவாகக் கீழே போனால் ரீலில் ஏதோ கோளாறு என்று தோன்றும்; ஒரு நொடியைத் தாண்டினால் பார்வையாளர் கதை கேட்கத் தயாராகிவிடுவார். அடுத்தடுத்து வரும்போது துண்டை நீட்டலாம். ஆனால் அது முடியும் இடத்தை நகர்த்தாமல், தொடங்கும் இடத்தை முன்னுக்கு முன்னே இழுக்க வேண்டும். கடைசியில் பார்வையாளர் வந்து நிற்கும் இடம், இன்னும் எதுவும் கெட்டுப்போகாத அந்த நொடியாக இருக்கும்.

பிரமை என்றாலே மனநோய் என்று கட்டுரை போகிறபோக்கில் சொல்லிச் செல்வதையும் திருத்த வேண்டியிருக்கிறது. டியூயி ரீஸ் என்ற மருத்துவர் நடு வேல்ஸ் பகுதியில் கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் பேசி, 1971-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். கிட்டத்தட்டப் பாதிப் பேர் இறந்தவரை ஏதாவதொரு வகையில் உணர்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருப்பதுபோல் உணர்ந்தவர்கள் சுமார் 39 சதவீதம், கண்ணால் கண்டவர்கள் 14, குரல் கேட்டவர்கள் 13. பெரும்பாலோருக்கு அது ஆறுதலாகவே இருந்தது. ஆனாலும் பலர் அதுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை. திரைக்கதைக்கு இந்த எண்களில் நேரடியான பாடம் இருக்கிறது: முதலில் வர வேண்டியது ‘யாரோ இருக்கிறார்கள்’ என்ற உணர்வு, உருவமும் குரலும் அரிதாக, பின்னால். யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பதில்தான் நாடகமும் இருக்கிறது.

அமுக்குவான் பேய் என்று நாம் சொல்வதும் இந்தக் கணக்கில் வரும். கனவு காணும் தூக்கத்தில் உடலின் தசைகள் செயலற்றுக் கிடக்கும். அது முடிவதற்குள் விழிப்பு வந்துவிட்டால் கைகால் அசையாது, நெஞ்சில் பாரம் ஏறும், அறையில் ஆள் நிற்பதுபோல் தெரியும். அந்த நேரத்தில் கண்ணை அசைக்க முடியும், மூச்சு விட முடியும். அலற முடியாது. இந்தக் காட்சியில் நடிகரை அலறவிடும் படம் கையிலிருந்த நல்ல சீட்டைக் கீழே போடுகிறது. கேமராவைத் தலையணை மட்டத்தில் அசையாமல் வைத்து, கண்களை மட்டும் உருளவிட்டால் வேலை முடிந்தது.

ஒலிக்கு வருவோம், பயத்தில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது. திடீரென இடிக்கும் ஓசைக்குத் துள்ளுவது பயம் என்று எண்ணிக்கொள்கிறோம். அது அனிச்சைச் செயல். ஓசை கேட்டு இமை கொட்டத் தொடங்க ஏறக்குறைய ஒரு ஃபிரேம் நேரமே ஆகும். மனம் அதில் கலந்துகொள்வதே இல்லை. திரும்பத் திரும்பச் செய்தால் உடலும் பழகிவிடும். படத்துக்கு இரண்டு போதும் என்பது எங்கள் கணக்கு. மிச்ச இடங்களில் ஓசையைச் சேர்ப்பதைவிட உருவுவது பலன் தரும். படப்பிடிப்பு நடந்த ஒவ்வோர் அறையிலும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, ஒரு நிமிடம் ரூம் டோன், அதாவது அந்த அறையின் வெறும் அமைதி ஓசை, பதிவு செய்துகொள்ள வேண்டும். கலவையில் அதன்மேல் கடிகாரம், மின்விசிறி, தூரத்துப் பூச்சி என்று அடுக்கிவிட்டு, காட்சி நெருங்க நெருங்க ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். பூச்சி முதலில், கடிகாரம் கடைசியில். எது நின்றது என்று சொல்லத் தெரியாமலே பார்வையாளர் நிமிர்ந்து உட்காருவார். ரூம் டோனையும் சேர்த்து வெட்டிவிட்டால் மௌனம் கிடைக்காது. ஸ்பீக்கர் போய்விட்டதோ என்ற சந்தேகம்தான் கிடைக்கும்.

இவ்வளவும் செய்த படம் அரங்கில் உயிரை விடுவதற்கு வேறு காரணம் உண்டு. கலவைக்கூடத்தில் ஃபேடரை (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாட்டை) 7-ல் வைத்து, திரைக்குப் பின்னுள்ள ஒவ்வொரு ஸ்பீக்கரையும் 85 டெசிபலுக்குச் சீர்செய்துதான் படத்தைக் கலக்கிறார்கள். விளம்பரமும் டிரெய்லரும் காதைக் கிழிக்கின்றன என்று புகார் வந்ததும் சில அரங்குகளில் ஃபேடரை 5-க்கு இறக்கி, படத்துக்கும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அந்த இடத்தில் ஓர் எண் இறங்கினால் ஏறக்குறைய 3.3 டெசிபல் போகும். இரண்டு எண்ணுக்கு 6.7. சண்டைப் படம் அதைத் தாங்கும். ஆனால் நாம் அடுக்கிவைத்த அந்தக் கடிகாரமும் பூச்சியும் ஏசி இரைச்சலுக்குக் கீழே மூழ்கிவிடும். வெளிச்சமும் அப்படித்தான். 2டி படத்துக்குத் திரையின் நடுவில் 48 நிட் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும் என்பது அளவு. லேம்ப் கிழடு தட்டினாலோ, 3டி வடிப்பானைக் கழற்ற மறந்தாலோ, இருட்டில் நின்ற உருவம் இருட்டாகவே போய்விடும். வீட்டில் பார்ப்பவர்கள் டிவியில் அசைவை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூதிங்கையும் சவுண்ட்பாரில் நைட் மோடையும் அணைத்துவிட வேண்டும். நைட் மோட் மெல்லிய ஓசையைத் தூக்கி, உரத்ததைத் தாழ்த்தி எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கிவிடும். ‘மெதுவாக நகர்கிறது’ என்று கட்டுரையில் ஒதுக்கப்பட்ட படங்களில் ஒன்றிரண்டாவது இப்படி முடமாக்கிப் பார்க்கப்பட்டவையோ என்னவோ.

முடிவுக் காட்சியில் மருத்துவர் ஒருவர் வந்து, பழைய சம்பவத்தைக் கண்முன் நிகழ்த்திக்காட்டி ஒரே இரவில் குணமாக்குவது தீராத வழக்கமாகிவிட்டது. நினைவை நேருக்கு நேர் சந்திக்கவைக்கும் சிகிச்சை இருக்கத்தான் செய்கிறது. அது வழக்கமாக 8 முதல் 15 அமர்வு வரை, ஒவ்வொன்றும் சுமார் ஒன்றரை மணி நேரம் என்று, படிப்படியாக நடப்பது. ஜெனிஃபர் கென்ட்டின் ‘தி பாபடூக்’ (2014) இதைப் புரிந்துகொண்ட படம். பிரசவத்துக்கு அழைத்துப்போகும் வழியில் கணவன் விபத்தில் இறக்கிறான். மகன் பிறந்த நாளும் அதுவே. மகன்மேல் தனக்கிருக்கும் கசப்பைத்தான் அந்தத் தாயால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. அந்த வீட்டைப் பிடித்த பூதம் கடைசியில் சாவதில்லை. நிலவறையில் குடியிருக்கிறது, கிண்ணத்தில் புழுக்களை எடுத்துப்போய்த் தாய் வைக்கிறாள்.

தங்கள் பக்கத்துக்கு இரண்டு வேண்டுகோள்கள். தலைப்பில் ‘சைக்கோ’ என்ற சொல்லைக் கைவிடலாம். நிஜத்தோடு தொடர்பு அறும் சைக்கோசிஸும், பிறர் வலி உறைக்காத சைக்கோபதியும் வெவ்வேறு. துக்கத்தில் குரல் கேட்கும் ஒரு தாய் இரண்டிலும் சேர்த்தியில்லை. அடுத்து, விமர்சனத்தின் அடியில் ஒரு எச்சரிக்கை வரி வேண்டும். ‘குழந்தை மரணம், நீரில் மூழ்குதல்’ என்ற அளவு போதும். யார், எப்போது என்பதைச் சொல்லத் தேவையில்லை. தற்கொலைக் காட்சி இருந்தால் அதை வரியின் தொடக்கத்திலேயே போடுங்கள். நட்சத்திர மதிப்பெண்ணுக்குக் கீழே அதற்கு இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
படத்தொகுப்பிலும் ஒலிக்கலவையிலும் வேலை செய்யும் வாசகர்கள் இருவர்