ரைசினா குன்றும் உன் மொட்டை மாடியும்

அன்புக் கண்ணுக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். ரயிலில் அம்மாவுக்குக் கால் கொஞ்சம் வீங்கியிருந்தது, இப்போது சரியாகிவிட்டது. நீ கட்டிக் கொடுத்த சப்பாத்தி நாக்பூர் தாண்டியும் கெடவில்லை.

வண்டி ஏறும்போதும் "வீடு சின்னதுப்பா, உங்களை வசதியா வச்சுக்க முடியலை" என்று கண் கலங்கினாய். அதுதான் எனக்கு மனசில் கிடந்து உறுத்துகிறது. போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ ஆபீஸ் போன அன்று நானும் அம்மாவும் ரைசினா குன்று மேலே இருக்கிற ராஷ்டிரபதி பவன், அதான் ஜனாதிபதி மாளிகை, பார்த்துவிட்டு வந்தோமே, அன்று ராத்திரி நீ களைத்து வந்ததால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. நாற்பது வருஷம் கொத்து வேலையும் மேஸ்திரி வேலையும் பார்த்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். 340 அறை. 70 கோடி செங்கல், 30 லட்சம் கன அடி கல். நம் வீட்டுக்கு 22 ஆயிரம் செங்கல் இறக்கினேன், அதற்கே சூளைக்காரரிடம் எத்தனை நடை நடந்தேன் என்று உனக்குத் தெரியும். அவ்வளவு பெரிய கட்டடத்தில் இரும்பு மிகக் குறைவாம். பாரம் முழுக்கச் செங்கல்லும் கல்லும்தான் தாங்குகின்றன. தூணைத் தொட்டுப் பார்க்கக் கை நீண்டது, காவலர் பார்த்ததால் விட்டுவிட்டேன்.

வரைந்தவர் லட்யென்ஸ் என்ற வெள்ளைக்காரர். 1911-ல் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள். வைஸ்ராய் குடியிருக்கத்தான் இந்த மாளிகை. நம் நாட்டுக் கட்டட வேலையை லட்யென்ஸ் பெரிதாக மதிக்கவில்லை என்று சொல்கிறார்கள். ஆனால் டெல்லி வெயில் அவரையும் நம் வழிக்குக் கொண்டுவந்துவிட்டது. சுவரைச் சுற்றி நீளமாகக் கல் சஜ்ஜா ஓடுகிறது பார், நம் ஊர் சன்ஷேட் செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்கிறது. மழை சுவரில் அடிக்காது, நிழல் விழும். காற்றுக்கு, ஓட்டை ஓட்டையாகச் செதுக்கின கல் ஜாலி. கூரை மேலே குடை மாதிரி சின்ன மண்டபம், அதைச் சத்ரி என்கிறார்கள். நடுக் கும்மட்டத்தைச் சுற்றிச் சாஞ்சி ஸ்தூபியின் கல் வேலி மாதிரியே அழி போட்டிருக்கிறார்கள். தூண் தலைப்பில் நாலு மூலையிலும் கல்மணி தொங்குகிறது. அது கர்நாடகத்தில் மூடபித்ரி சமணக் கோயிலிலிருந்து எடுத்ததாம். மணி அடித்தால் ராஜ்யம் முடியும் என்று ஒரு நம்பிக்கை இருந்ததாகவும், கல்மணி என்றால் அடிக்கவே அடிக்காது என்பதால் வைத்ததாகவும் ஒரு கதை சொல்கிறார்கள்.

நாலு வருஷத்தில் முடிப்பதாகத் திட்டம். நடுவில் முதல் உலகப் போர் வந்தது. 1912-ல் தொடங்கிய வேலை 1929-ல்தான் முடிந்தது, 17 வருஷம். முதலில் குடிவந்த வைஸ்ராய் இர்வின் பிரபு. 1947-ல் ஆட்சியே போய்விட்டது. கட்டின காலத்தைவிட ரொம்ப அதிகமாக அவர்கள் அதில் குடியிருக்கவில்லை, கண்ணு. கட்டுவதற்காக ரைசினா, மால்ச்சா கிராமத்துக்காரர்கள் சுமார் 300 குடும்பங்களின் நிலத்தை 1894-ம் வருஷச் சட்டத்தைக் காட்டி எடுத்திருக்கிறார்கள். அதைக் கேட்டதும் அம்மா அந்தப் புல்தரையில் உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டே இருந்தாள்.

எனக்கு ரொம்ப நேரம் யோசனை கொடுத்தது ஒரு வாட்டம், அதாவது தரையின் சரிவு. இந்தியா கேட்டிலிருந்து நேராக நடந்தோம். தூரத்தில் கும்மட்டம் நன்றாகத் தெரிகிறது. குன்றடியில் இருக்கிற விஜய் சௌக் சதுக்கத்தை நெருங்க நெருங்க மாளிகை கீழே இறங்குகிற மாதிரி மறைந்துகொண்டே போகிறது. கிட்டே போனால் கும்மட்டத்தின் தலை மட்டும்தான். ஏன் தெரியுமா? இரண்டு பக்கமும் நிற்கிற செயலகக் கட்டடங்களை வரைந்தவர் பேக்கர், லட்யென்ஸின் பழைய நண்பர். அவர் கட்டடங்களைக் குன்றின் மேலே வைக்க இடம் விட்டு, மாளிகையைப் பின்னால் தள்ள லட்யென்ஸும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சாலையின் ஏற்றம் கண்ணை மறைக்கும் என்று பிறகுதான் உறைத்திருக்கிறது. வாட்டத்தைக் குறைக்கச் சொல்லி எத்தனையோ பேரிடம் போராடியும் நடக்கவில்லை. நண்பர்கள் இரண்டு பேரும் பல வருஷம் பேசிக்கொள்ளவே இல்லை. காகிதத்தில் பார்க்கும்போது வாட்டம் தெரியாது. நானே எத்தனை இடத்தில் இடித்துத் திரும்பப் போட்டிருக்கிறேன். ஆனால் ஒரு குன்றை யார் இடிப்பது?

சரி, எழுத வந்ததற்கு வருகிறேன். 1948-ல் ராஜாஜி கவர்னர் ஜெனரலாக அந்த வீட்டுக்குப் போனார். சேலத்தில் வக்கீலாக இருந்தவர், ஆசிரமத்தில் வாழ்ந்தவர். வைஸ்ராய் படுத்த பெரிய அறைகள் தனக்கு வேண்டாம் என்று, வேறொரு பக்கத்தில் இருந்த சிறிய அறைகளில் தங்கிக்கொண்டார். அந்த ஒரு ஏற்பாடு இன்று வரைக்கும் நிற்கிறது. ஜனாதிபதிகள் அந்தச் சிறிய பகுதியில்தான் குடியிருக்கிறார்கள். வைஸ்ராய் அறைகள் வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு என்று ஆகிவிட்டன. தோட்டத்து நிலத்தில் கொஞ்சத்தை உழுது கோதுமையும் போட்டிருக்கிறார். அப்துல் கலாம் இருந்தபோது ராமேஸ்வரத்திலிருந்து சொந்தக்காரர்கள் வந்து தங்கினார்கள், அந்தச் செலவைத் தன் கைக்காசிலிருந்து கட்டினார். 340 அறை இருந்தும் அவருக்கு அது தன் வீடு இல்லை.

உன் வீட்டில் ஒரு அறைதான். கட்டிலை எங்களுக்கு விட்டுவிட்டு நீ தரையில் படுத்தாய், காலையில் அம்மாவுக்கு வெந்நீர் வைத்துவிட்டு ஓடினாய். நீயே சம்பாதித்து வாடகை கொடுக்கிற இடம் அது. அந்தப் பன்னிரண்டு நாளும் நான் ஒரு குறையும் படவில்லை. அடுத்த மாசி மாதம் தோட்டம் திறக்கும்போது திரும்ப வருவோம். நீ லீவு போடு, மூணு பேருமாகப் போகலாம். அதே அறையில்தான் தங்குவோம், பெரிய வீடு பார்க்கிறேன் என்று கடன் எதுவும் வாங்காதே.

ஒன்று மட்டும் செய். உன் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வாட்டம் சரியில்லை. நீ துணி துவைத்த அன்று பார்த்தேன், தண்ணீர் குழாய் வாய்க்குப் போகாமல் உன் சுவரோரமாகத் திரும்பி நிற்கிறது. உள்ளே அலமாரிக்குப் பின்னால் ஓதம் அடிப்பது அதனால்தான். வீட்டுக்காரரிடம் சொல்லி மழைக்கு முன்னால் மேலே சிமெண்ட் கலவை போட்டு, குழாய்ப் பக்கம் சரிகிற மாதிரி இழுக்கச் சொல். கொத்தனார் வந்தால் எனக்குப் போன் போட்டு அவர் கையில் கொடு. இந்தி தெரியாவிட்டால் என்ன, மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை எங்கே வைக்க வேண்டும் என்று வீடியோவில் காட்டிவிடுவேன்.

உன் அப்பா