இறால் பண்ணை மென்பொருளில் குட்டையும் தப்பு, மணியும் தப்பு: புகார்

அனுப்புநர்
இறால் பண்ணை உரிமையாளர்,
பரங்கிப்பேட்டை, கடலூர் மாவட்டம்.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஆக்சிஜன் கண்காணிப்பு மென்பொருளில் உள்ள அரே இண்டெக்ஸ் (தரவு வரிசையில் இடத்தைக் குறிக்கும் எண்) பிழைகளைத் திருத்தித் தரக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டி ஆறு குட்டைகளில் வன்னாமி இறால் வளர்த்துப் பிழைக்கிறேன். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை மணிக்கொரு முறை பதிந்து, லிட்டருக்கு 3.5 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அலாரம் அடிக்கும் மென்பொருளை உங்களிடம் வாங்கினேன். மேட்லேப் என்ற நிரல் மொழியில் இருந்தவரை ஒழுங்காக ஓடியது. போன வருடம் பைத்தான் என்ற வேறு நிரல் மொழிக்கு மாற்றிக் கொடுத்தீர்கள். தொல்லை அதற்குப் பிறகுதான்.

மழை மூட்டமாக இருந்த ஒரு நாள், விடியற்காலை 5 மணிக்கு, 3ஆம் குட்டையில் இறால் மேலே வந்து கரையோரம் ஒதுங்கிக் கிடந்தது. கை மீட்டரை விட்டுப் பார்த்தால் 2.6. உங்கள் திரையிலோ அதே குட்டைக்கு இரவின் குறைந்த அளவு 4.1 என்று பச்சையில் இருந்தது. அலாரம் அடிக்கவே இல்லை. தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர்களைக் கூடுதலாக ஓட்டியும் நிறைய இறால் செத்துப்போனது.

சென்சாரின் மூலப் பதிவை எடுத்து ஒப்பிட்டேன். அந்த 4.1, 4ஆம் குட்டையின் அதிகாலை 4 மணி அளவு! நான் பொறியியல் படித்தவன். நிரல் என் கணினியில்தான் இருக்கிறது, திறந்து பார்த்தேன்.

மேட்லேபில் அரேயின் முதல் இடம் 1, பைத்தானில் 0. குட்டை எண்ணை மாற்றாமல் விட்டதால் 1ஐக் கேட்டால் 2ஆம் குட்டை வருகிறது. மணிக்கோ இரண்டு முனையிலும் ஒன்றைக் கழித்திருக்கிறார்கள். மேட்லேபில் 1:6 (நள்ளிரவு முதல் 5 மணி வரையான ஆறு இடங்கள்) என்றால் ஆறாவதும் சேரும். பைத்தானில் 0:5 என்றால் 5 சேராது. நள்ளிரவிலிருந்து 5 மணி வரை பார்க்க வேண்டியது 4 மணியோடு நின்றுவிடுகிறது. ராத்திரி முழுக்க இறாலும் பாசியும் ஆக்சிஜனை இழுத்து, வெளிச்சம் வரும் முன்புதான் அளவு அடிமட்டத்துக்குப் போகும். அந்த மணியைத்தான் உங்கள் நிரல் பார்ப்பதே இல்லை.

நள்ளிரவில் முந்தைய மணியோடு ஒப்பிடும் வரியும் தப்பு. நள்ளிரவின் இடம் 0, அதில் ஒன்று போனால் -1. மேட்லேப் 0ஆம் இடத்தைக் கேட்டாலே பிழை காட்டி நின்றுவிடும். பைத்தானில் அரேக்களைக் கையாளும் நம்பை (NumPy) என்ற நிரல் தொகுப்போ -1ஐக் கடைசி இடம் என்று எடுத்துக்கொள்கிறது. அன்றைய இரவு 11 மணிக்கான அந்த இடம் இன்னும் பதிவாகாததால் அதில் அப்போது வெறும் 0தான் இருக்கும். ஆக்சிஜன் எவ்வளவு இறங்கியிருந்தாலும் ஏறியதாகவே கணக்கு வருகிறது.

எனக்கு ஆறவே ஆறாதது வேறொன்று. ஆறாவது குட்டைக்கு "இண்டெக்ஸ் 6 இஸ் அவுட் ஆஃப் பவுண்ட்ஸ் ஃபார் ஆக்ஸிஸ் 0 வித் சைஸ் 6" என்று வந்த பிழைச் செய்தியை அன்றே படம் எடுத்து அனுப்பினேன். ஆறு இடம் உள்ள அரேயில் ஏழாவதைத் தேடுகிறோம் என்று அதுவே சொல்லிவிட்டது. அதைப் பிடித்துப் போயிருந்தால் மற்ற தப்புகளும் அப்போதே சிக்கியிருக்கும். உங்கள் ஆட்களோ அந்த வரியைச் சுற்றி ட்ரை–எக்செப்ட் போட்டு, பிழை வந்தால் பேசாமல் தாண்டிப் போகும்படி செய்துவிட்டு, "அப்டேட் போட்டாச்சு, சரியாயிடுச்சு சார்" என்றார்கள். செய்தி போய்விட்டது, 6ஆம் குட்டைக்குப் பழைய எண்ணே அசையாமல் நிற்கிறது. நிரல் நின்றுபோயிருந்தால் நான் மீட்டரோடு ராத்திரி கரையில் நின்றிருப்பேன். பச்சை விளக்கை நம்பித்தான் தூங்கினேன்.

அந்த ட்ரை–எக்செப்டை முதலில் எடுங்கள். திருத்திய பிறகு சென்சார் அளவுக்குப் பதில் ஒவ்வொரு இடத்திலும் அதன் குட்டை எண்ணையும் மணியையும் போட்டு ஓட்டுங்கள்: 3ஆம் குட்டை 5 மணியைக் கேட்டால் 305 வர வேண்டும். ஆறு குட்டை, 24 மணிக்கும் ஓட்டிய முடிவை எனக்கு அனுப்புங்கள். மாற்றிய நாள் முதல் உள்ள பதிவுகளை மறுபடி கணக்கிட்டுத் தர வேண்டும், இந்த வருடப் பராமரிப்புக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

15 நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். மூலப் பதிவு, கணினித் திரையை எடுத்த படங்கள், நிரலின் இரண்டு பதிப்புகள் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
பண்ணை உரிமையாளர்