எங்கள் ஊரைத் தத்தெடுக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அரூர் வட்டத்தில் மலையடிவாரத்து ஊர் ஒன்றை நகரத்து அறக்கட்டளை ஒன்று 'தத்தெடுக்க' இருப்பதாகத் தங்கள் நாளிதழில் செய்தி படித்தேன். அது என் ஊர். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையைத்தான் தத்தெடுப்பார்கள். எங்கள் ஊரில் பெரியவர்கள் இருக்கிறார்கள், மாரியம்மன் இருக்கிறாள். அந்தச் சொல் என்னை மிகவும் வருத்திவிட்டது.

நான் அரசு பஸ்ஸில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். சிட்லிங்கி தடத்தில் பல ஆண்டுகள் போய் வந்திருக்கிறேன். கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவிலுள்ள அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து அரூர் ஆஸ்பத்திரிக்கு 48 கிலோமீட்டர். 1988 ஐப்பசியில் ஒரு நாள், கடைசி வண்டியில் ஒரு பெண் மடியில் குழந்தையோடு ஏறினாள். முந்தானையால் முழுவதும் போர்த்தியிருந்தாள். கோட்டப்பட்டி தாண்டியும் குழந்தை அழவில்லை, அசையவில்லை. சொன்னால் இறக்கிவிட்டுவிடுவோம் என்று பயந்து, இறந்த பிள்ளையைத் தூங்குவதுபோல் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவள் இறங்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. டிக்கெட்டுக்கு அவள் எண்ணிக் கொடுத்த சில்லறை அப்போதும் என் பையில்தான் இருந்தது.

அந்தப் பள்ளத்தாக்கில் அக்காலத்தில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் 147 குழந்தைகள் ஒரு வயதைக் காணவில்லை. 1993இல் டாக்டர் ரெஜியும் அவர் மனைவி டாக்டர் லலிதாவும் அங்கே ஒரு கூரைக் குடிசையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கினார்கள். வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. அந்த மலைகளில் வாழும் மலையாளி என்னும் பழங்குடிப் (கேரளத்தவர் அல்லர்) பெண்களுக்கே செவிலியர் வேலையைக் கற்றுக் கொடுத்தார்கள். புளி மூட்டையோடு என் பஸ்ஸில் சந்தைக்கு வந்துகொண்டிருந்த வீட்டுப் பெண்கள், பிற்காலத்தில் பிரசவம் பார்த்துவிட்டு அதே பஸ்ஸில் ஊர் திரும்பியதைப் பார்த்தேன். அவர்களிடம் டிக்கெட் கிழித்துக் கொடுக்கும்போது எனக்கு இருந்த பெருமிதத்தை எப்படிச் சொல்வது! சிசு மரணம் ஆயிரத்துக்கு ஏறத்தாழ இருபதாகக் குறைந்தது.

மருந்து மட்டும் போதாது, உழவன் கடனில் கிடந்தால் வீட்டில் சோறு இருக்காது என்பதும் அந்த டாக்டர்களுக்குத் தெரிந்திருந்தது. 2004இல் இயற்கை விவசாயிகள் சங்கம் உருவாயிற்று. அங்கே வாழும் லம்பாடி இனப் பெண்களில் ஓரிரு மூதாட்டிகளுக்கு மட்டுமே நினைவிருந்த பூவேலைத் தையலை இளம்பெண்கள் மறுபடி கற்று, 'பொர்கை' என்ற பெயரில் விற்கிறார்கள். அவர்கள் மொழியில் அதற்குப் பெருமை என்று பொருள்.

இனி எங்கள் ஊர்க் கதை. மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறொரு குழுவினர் வேனில் வந்தார்கள். சித்திரை வெயிலில் கம்பளி கொடுத்தார்கள். குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் வைத்து, ரிப்பன் வெட்டி, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். நல்ல மனதோடுதான் செய்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆறாம் மாதம் இயந்திரம் நின்றது. வடிகட்டியை மாற்ற ஊரில் ஒருவருக்கும் சொல்லித் தரவில்லை. இன்று அந்த அறையில் பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் கிடக்கின்றன. பெண்கள் பழையபடி ஏரிக்கரைக் கிணற்றுக்குப் போகிறார்கள்.

இப்போது வரவிருக்கும் அறக்கட்டளையினருக்குத் தங்கள் வாயிலாக ஒரு வேண்டுகோள். பொருள் எதுவும் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் எங்கள் ஊரில் தங்குங்கள். என் வீட்டுத் திண்ணை காலியாகத்தான் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுச் செங்கல் சூளைக்குப் போகும் பெண்கள் இருவரை எனக்குத் தெரியும். இருவருக்கும் செவிலியர் படிப்பில் ஆசை. முதலில் அவர்களோடு பேசுங்கள். வேனில் வராமல், அரூரிலிருந்து காலை பஸ்ஸில் வாருங்கள். ஆலமரத்து நிறுத்தத்தில் நான் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர்,
அரூர் வட்டம், தருமபுரி மாவட்டம்