அப்பச்சி காதுக்கு எந்த பேட்டரி

கானாடுகாத்தான்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு ஆத்தா எழுதுவது. இங்கு நானும் உன் அப்பச்சியும் சுகம். அங்கு நீயும் மருமகளும் பேரனும் சுகமாக இருக்கப் பிள்ளையார்பட்டிப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன்.

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "அப்பச்சி காதுக்குச் சார்ஜ் போடுற மிஷினா வாங்கி அனுப்புறேன், இன்னும் எதுக்கு அந்தப் பொடி பேட்டரியோட மல்லுக்கட்டுறீங்க?" என்று கேட்டாய். அப்பச்சி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவரை வைத்துக்கொண்டு சொல்ல மனசு வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இத்தனை நாளும் வேண்டாம் என்று நின்றவள் நான்தான். அதற்குக் காரணம் இருந்தது. காதுக்கு மிஷின் வைத்த பிறகும் அப்பச்சி நாலு வருஷம் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்தார். ராத் தங்கும் இடத்தில் எத்தனை பேருக்கு எத்தனை பிளக் இருக்கும்? இருக்கிற ஒன்றிலும் பத்துப் பேர் போன் தொங்கும். அங்கே போய்க் காது மிஷினுக்குச் சார்ஜ் போட இடம் தேட முடியுமா? திருநீற்றுப் பையிலேயே ஒரு பேட்டரி கார்டை வைத்து அனுப்பிவிடுவேன், ஆறு பேட்டரி இருக்கும், போய்த் திரும்பும் வரை கவலை இல்லை. நடக்கிறவர்களுக்கும் ஊர் ஊராகப் போகிறவர்களுக்கும் இன்றைக்கும் நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் முழங்கால் விடாததால் போன வருஷமும் இந்த வருஷமும் அவர் நடக்கவில்லை, காரில்தான் போய் வந்தோம்.

இன்னொரு காரணம், அந்தப் பேட்டரியோடு எனக்கு நல்ல பழக்கம். அப்பச்சிக்குப் பழுப்பு ஸ்டிக்கர் ஒட்டிய 312 நம்பர் பேட்டரி. பெரிய மிஷின் வைத்திருப்பவர்களுக்கு நீல ஸ்டிக்கர் ஒட்டிய 675 வரும், அது இரண்டு வாரம்கூட ஓடும். நம்முடையது ஒரு வாரம், போனில் அதிகம் பேசினால் ஐந்தாறு நாள். அதற்குள் இருப்பது துத்தநாகம், வேலை செய்யக் காற்று வேண்டும். ஸ்டிக்கரை உரித்தால் நுண்ணிய ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போகும். உரித்த உடனே போட்டு மூடிவிடாமல் ஐந்து நிமிஷம் வெளியே வைத்துவிட்டுப் போட்டால் நன்றாக வரும். ஒரு தடவை உரித்துவிட்டால் போட்டாலும் போடாவிட்டாலும் அதன் ஆயுசு குறைய ஆரம்பித்துவிடும், திரும்ப ஸ்டிக்கரை ஒட்டிப் பிரயோஜனமில்லை. முதலில் கார்டுகளை ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டிருந்தேன், நீர் கோத்துக்கொள்ளும் என்று காது பார்க்கிறவர் சொன்ன பிறகு பெட்டகத்துக்கு மாற்றினேன். சித்திரை வைகாசியில் நம் ஊர் வெயில் காய்ச்சலில் அதன் உள்ஈரம் காய்ந்து ஒரு நாள் முன்னதாகவே தீர்ந்துவிடுகிற மாதிரி எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை விளக்கேற்றிவிட்டு இரண்டு காதுக்கும் மாற்றிவிடுவேன். வருஷத்துக்கு 104 பேட்டரி. கார்டு 250 ரூபாய் என்று வாங்குகிறோம், பதினெட்டுக் கார்டுக்கு 4,500 ரூபாய். ஐந்து வருஷத்துக்கு 22,500. சார்ஜ் மிஷினுக்குக் கூடக் கொடுக்கிற பணத்தைக் கணக்குப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் பணத்தை வைத்து இதை முடிவு செய்ய வேண்டாம்.

நான் சொல்ல வந்தது இனிமேல்தான். ஆவணியில் உன் பெரியாத்தாவுக்கு உடம்பு சரியில்லை என்று தேவகோட்டைக்குப் போய் நாலு நாள் தங்கினேன் அல்லவா? சமையலுக்கு ஆள் வந்தது, மாத்திரையை வேளைவாரியாகப் பிரித்து வைத்திருந்தேன், கார்டையும் மேசைமேல் வைத்துவிட்டுத்தான் போனேன். தினமும் போன் செய்வேன். "சாப்பிட்டீங்களா?" என்றால் "சரி சரி" என்பார். "மாத்திரை போட்டீங்களா?" என்றாலும் "சரி சரி"தான். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

திரும்பி வந்து வளவில் நின்று கூப்பிட்டேன், முகப்பில் இருந்தவர் திரும்பவில்லை. கிட்டப் போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் பார்த்தார். மிஷின் காதில்தான் இருந்தது. கழற்றித் திறந்தேன். வலது பக்கம் ஸ்டிக்கரை உரிக்காமலே பேட்டரி உள்ளே இருந்தது. இடது பக்கத்தில் பேட்டரியே இல்லை. ஆத்தங்குடிக் கல்லில் விழுந்து உருண்டிருக்கிறது, பூப்போட்ட தரையில் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. மறுநாள் பெருக்கும்போது தூணடியில் கிடந்தது. சர்க்கரையால் அவருக்கு விரல் நுனி மரத்துப் போய் ஒரு வருஷம் ஆகிறது. சட்டைப் பொத்தானையே இப்போது தடவித் தடவித்தான் போடுகிறார். மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு, அதில் ஒட்டியிருக்கிற பொடி ஸ்டிக்கர் அவர் நகத்துக்கு எப்படிப் பிடிபடும்? மூன்று நாள் ஒரு சத்தமும் இல்லாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். பக்கத்து வீட்டில் யாரையாவது கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. "நீ வந்தா போட்டுக்கலாம்னு இருந்தேன்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

தம்பி, எனக்கும் அறுபத்தெட்டு ஆகிறது. வெள்ளிக்கிழமை தோறும் மாற்றிவிட நான் இருக்கிறேன் என்ற ஒரே நம்பிக்கையில்தான் அந்தப் பேட்டரி நல்லது என்று இத்தனை நாள் சொல்லி வந்திருக்கிறேன். நான் ஒரு வாரம் படுத்துவிட்டால் அவருக்குக் காதும் போய்விடும். இதை அவர் முன்னால் எப்படிச் சொல்வேன்?

அப்புறம் உனக்குச் சொல்லாமலே மதுரைக்குப் போனோம். ஒரு வாரம் போட்டுப் பார்க்கச் சார்ஜ் மிஷின் கொடுத்தார்கள். ராத்திரி படுக்கும் முன் கழற்றி டப்பாவின் குழியில் வைத்தால் போதும், காந்தம் இருக்கிறதோ என்னவோ, சரியாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது, விளக்கும் எரிகிறது. திறக்கவும் வேண்டாம், உரிக்கவும் வேண்டாம். மூன்று நாலு மணி நேரத்தில் ஏறிவிடும், மறுநாள் படுக்கும் வரை வருகிறது. முதல் நாள் நான் வைத்துக் காட்டினேன். மறுநாள் அவரே வைத்துவிட்டு, "விளக்கு எரியுதா பாரு" என்று என்னைக் கூப்பிட்டார். மூன்றாம் நாள் கூப்பிடவில்லை, நானாகப் போய்ப் பார்த்தேன், எரிந்துகொண்டிருந்தது.

கரண்ட் போகுமே என்று பயந்தேன். யோசித்தால் மாதாந்திரப் பராமரிப்புக்கு நிறுத்துவது பகலில்தான், நாம் சார்ஜ் போடுவது ராத்திரி. மழை காற்றில் ஒரு ராத்திரி போனால் இன்வெர்ட்டர் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது புதுக்கோட்டைப் பக்கம் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தது, அந்த மாதிரி வந்தால்தான் சிக்கல். அதற்குத்தான் பழைய ஜோடியைத் தூக்கிப் போட மாட்டேன். துடைத்து டப்பாவில் வைத்து, உரிக்காத கார்டு இரண்டு கூட வைக்கப் போகிறேன். உரிக்காமல் இருந்தால் இரண்டு மூன்று வருஷம் கெடாது, தேதியும் அட்டையில் போட்டிருக்கிறது.

சார்ஜ் மிஷினில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு, அதையும் தெரிந்துகொள். உள்ளே இருப்பது உன் போனில் இருக்கிற மாதிரி லித்தியம் பேட்டரி, நாலைந்து வருஷத்தில் தளர்ந்துவிடும். அப்போது கடையில் ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ள முடியாது, மிஷினையே கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். அனுப்பிய நாள்களுக்கும் அந்தப் பழைய ஜோடிதான் கை கொடுக்கும். வெயிலில் நிற்கிற காருக்குள் விட்டு வைக்கக் கூடாது என்றும் சொன்னார்கள்.

ஆகையால் நீ அங்கே வாங்காதே. மிஷினை அவர் காதுக்குத் தக்கபடி சத்தம் வைத்துக் கொடுக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திரும்பச் சரிபார்க்க வேண்டும். சிங்கப்பூரில் வாங்கிய பெட்டியை இங்கே யார் கையில் கொடுப்பது? மதுரையிலேயே வாங்குகிறோம். அனுப்ப நினைத்த பணத்தை அதற்கே அனுப்பு. தை மாதம் அங்கே வரும்போது சார்ஜ் டப்பாவைக் கைப்பையில் கொண்டு வருகிறோம், உங்கள் ஊர்ப் பிளக்குக்குச் சேரும் அடாப்டர் ஒன்று வாங்கி வை.

பேரன் இங்கே வரும்போதெல்லாம் எனக்கு அடிவயிற்றில் ஒரு கலக்கம் இருந்தது, சொன்னதில்லை. கீழே கிடப்பதை எடுத்து வாயில் போடுகிற வயசு. இந்தப் பொத்தான் பேட்டரி உள்ளே போய்ச் சிக்கினால் தொண்டையைப் புண்ணாக்கிவிடும். தீர்ந்த பேட்டரிகளை மூடி போட்ட ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து மேல் தட்டில் வைத்திருக்கிறேன், அதை மதுரையில் கொடுத்துவிடுகிறேன். மீதிக் கார்டையும் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிடுவேன்.

வியாழக்கிழமை போய் வாங்கி வருகிறோம். அன்றைக்கு இந்திய நேரம் ஏழு மணிக்கு மேல் கூப்பிடு. அப்பச்சிதான் எடுப்பார். "ஆத்தாகிட்டக் கொடுங்க" என்று சொல்லாமல் அவரிடமே பேசு.

இப்படிக்கு,
ஆத்தா