கடலுக்குப் போகுமுன் ஒரு கிண்ணம் சவுடர்

நியூ பெட்ஃபோர்டு, மாசசூசெட்ஸ்
ஜனவரி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீங்களும் அப்பாவும் நலமா? சனிக்கிழமை போனை எடுக்கவில்லை என்று வருத்தப்பட்டீர்களாம், தம்பி சொன்னான். அன்று எங்கள் வாசிப்புக் குழு என் வீட்டில் கூடியது. காலையிலிருந்தே அடுப்படியை விட்டு நகர முடியவில்லை. போனில் சொன்னால் பாதியில் நின்றுவிடும் என்பதால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

குழுவில் என்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்கள் சிலர், இந்தத் தெருக்காரர்கள் சிலர். மாதம் ஒரு புத்தகம் படிப்போம். யார் வீட்டில் கூடுகிறோமோ அவர் அந்தப் புத்தகத்தில் வருகிற ஏதாவது ஒரு சாப்பாட்டைச் சமைத்து வைக்க வேண்டும். இந்த மாதம் ஹெர்மன் மெல்வில் எழுதிய ‘மோபி டிக்’. இந்த ஊரில் குடியிருப்பவர்களுக்கு அது சொந்தக் கதை மாதிரி. 1841 ஜனவரியில் மெல்வில் திமிங்கல வேட்டைக் கப்பலில் வேலைக்கு ஏறியது ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற ஃபேர்ஹேவனிலிருந்துதான். நாவல் வந்தது 1851ல். இன்றைக்கும் ஒவ்வொரு ஜனவரியிலும் இங்குள்ள திமிங்கல அருங்காட்சியகத்தில் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஆள் மாற்றி ஆள் உரக்க வாசிக்கிறார்கள். இரவிலும் நிறுத்துவதில்லை. முடிய ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகும். இந்த முறை டியூட்டி முடிந்து நானும் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேட்டேன்.

நான் சமைக்க எடுத்துக்கொண்டது பதினைந்தாவது அத்தியாயத்தில் வருகிற மட்டி சவுடர். சவுடர் என்றால் மீனோ மட்டியோ போட்டுக் கெட்டியாக வைக்கிற ஒரு சூப். அந்த அத்தியாயத்துக்குத் தலைப்பே ‘சவுடர்’தான். இஷ்மேல் என்கிற பையனும் அவனோடு சிநேகிதமான குயிக்வெக்கும் இங்கிருந்து படகேறி நான்டக்கெட் தீவுக்குப் போகிறார்கள். குயிக்வெக் தென்கடல் தீவுக்காரன், உடம்பெல்லாம் பச்சை குத்தியவன், ஈட்டி எறிவதில் கெட்டிக்காரன். நல்ல பசியோடு ஒரு சாப்பாட்டு விடுதிக்குள் நுழைகிறார்கள். விடுதிக்கார அம்மாள் ‘மட்டியா, கோட் மீனா?’ என்று மட்டும் கேட்கிறாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு மட்டிதான் கிடைக்கும் போலிருக்கிறது என்று இஷ்மேல் கலங்கிப் போகிறான். அப்புறம் ஆவி பறக்க சவுடர் வருகிறது. குட்டிக் குட்டி மட்டி, இடித்த கப்பல் பிஸ்கட், சின்னச் சின்னதாக நறுக்கிய உப்புப் பன்றிக்கறி, வெண்ணெய், மிளகு, உப்பு. இவ்வளவையும் மெல்வில் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறார்.

நானும் இவற்றைத் தவிர எதையும் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். இன்று இந்தப் பக்கத்து ஹோட்டல்களில் கிடைக்கிற சவுடரில் பாலோ கிரீமோ, உருளைக்கிழங்கு, வெங்காயம் எல்லாம் இருக்கும். வெங்காயமாவது பழைய வழக்கம்தான். 1751ல் ஒரு பாஸ்டன் பத்திரிகையில் பாட்டாகவே அச்சான மீன் சவுடர் குறிப்பில் அது இருக்கிறது. தக்காளி சேர்ப்பது நியூயார்க்குக்காரர்கள் பழக்கம். அதை இங்கே யாரிடமும் பேச்சுக்குக் கூடச் சொல்லக் கூடாது.

கப்பல் பிஸ்கட்டை நானே சுட்டேன். மைதா, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். கெட்டியாகப் பிசைந்து, தட்டையாகத் தேய்த்து, முள்கரண்டியால் குத்தி, ஓவனில் குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் கிடக்க விட வேண்டும். ஈரம் துளிகூட மிஞ்சக் கூடாது. ஈரம் போய்விட்டால் பூசணம் பிடிக்காது, வருஷக்கணக்கில் கெடாது. திமிங்கல வேட்டைக்குப் போன கப்பல்கள் மூன்று, நான்கு வருஷம் கழித்துக்கூடத் திரும்பி வந்திருக்கின்றன. அத்தனை நாளும் அவர்களுக்குச் சோறு இந்தப் பிஸ்கட்தான். பல்லால் கடிக்க முடியாது. நீங்கள் கொடுத்தனுப்பிய சின்ன உரலில் போட்டு இடித்தேன். கீழ்வீட்டுக்காரர் என்ன சத்தம் என்று வந்து பார்த்துவிட்டு, இடிப்பதை வாங்கி அவரே கொஞ்சம் இடித்துக் கொடுத்தார்.

மட்டி இங்கே நல்ல தடித்த ஓடு உள்ளது, குவாஹாக் என்பார்கள். ஓட்டின் உள்பக்கம் ஓரத்தில் ஊதா நிறம். இந்த மண்ணின் பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்கள் அந்த ஊதாவிலிருந்து மணி செய்து கோத்திருக்கிறார்கள். கடையில் கிடைப்பதில் மிகச் சின்ன அளவாகக் கேட்டு வாங்கினேன். உப்புத் தண்ணீரில் போட்டுவைத்து மணலைக் கக்க விட்டேன். தட்டியும் வாய் மூடாததைத் தூக்கிப் போட்டேன். அதெல்லாம் நீங்கள் சொல்லிக் கொடுத்த பாடம்தான். கொஞ்சம் தண்ணீரில் மூடி வைத்து வேகவிட்டால் ஓடு திறக்கும்போது உள்ளிருந்து ஒரு சாறு இறங்குகிறது. சவுடரின் உயிரே அந்தச் சாற்றில்தான் இருக்கிறது. அதைத் துணியில் வடிகட்டி எடுத்து வைத்தேன். பன்றிக்கறியை மெல்லிய தீயில் நெய் கக்கும்வரை வறுத்து, அந்தக் கொழுப்பில் பிஸ்கட் தூளைப் பிரட்டி, சாற்றை ஊற்றினேன். தூள் ஊறி, கஞ்சிப் பதத்துக்குத் தடித்து வந்தது. மட்டியைக் கடைசியில்தான் போட வேண்டும், முன்னாலேயே போட்டால் ரப்பராகிவிடும். வெண்ணெயும் மிளகும் சேர்த்து இறக்கினேன். உப்பு போடவே வேண்டியிருக்கவில்லை. பன்றி சாப்பிடாத ஒரு சிநேகிதிக்காக வெண்ணெய் மட்டும் போட்டுத் தனியாக ஒரு சட்டி வைத்தேன்.

மிளகாய், புளி, மஞ்சள் எதுவும் இல்லாமல் எப்படி இறங்கும் என்று நீங்கள் கேட்பீர்கள். நன்றாக இருந்தது அம்மா. கடலின் ருசி முன்னால் நின்றது. சட்டியில் எதுவும் மிஞ்சவில்லை.

சாப்பிட்டுக்கொண்டே பேசினோம். சிரிப்பு வருகிற அத்தியாயம் என்று எல்லோரும் சொன்னார்கள். அது சரிதான். அந்த விடுதியில் காலை, மதியம், ராத்திரி மூன்று வேளையும் சவுடர். விடுதிக்கார அம்மாள் மீன் எலும்பு மாலை போட்டிருக்கிறாள். அங்கே பாலில்கூட மீன் வாடை அடிக்கிறது, ஏனென்றால் மாடு தின்பதும் மீன் கழிவுதான். ஆனால் நான் அந்த அத்தியாயத்தின் முடிவைப் பற்றிப் பேசினேன். தூங்கப் போகும்போது அந்த அம்மாள் குயிக்வெக்கிடமிருந்து ஈட்டியை வாங்கி வைத்துக்கொள்கிறாள். முன்பு ஒரு பையன் அவள் வீட்டு அறையில் தன் ஈட்டியாலேயே செத்துக் கிடந்தானாம். அதைச் சொன்ன கையோடு, காலையில் மட்டியா, மீனா என்று கேட்கிறாள். இரண்டும் வேண்டும் என்கிறான் இஷ்மேல். மறுநாள் இஷ்மேல் தனியாகப் போய்ப் பார்த்துப் பேசி முடிக்கிற கப்பல்தான் பீக்குவாட். அந்தக் கப்பலில் போனவர்களில் உயிரோடு திரும்புகிறவன் இஷ்மேல் ஒருவன்தான்.

கடலுக்குப் போகிறவனைப் பார்த்து ஒரு பெண் வேறு என்ன கேட்பாள் என்றேன். பத்திரமாக வா என்று சொல்லக்கூட வாய் வராது. அப்பா வள்ளத்துக்குக் கிளம்பும்போது நீங்கள் கேட்டதெல்லாம் ‘இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமா?’ என்பதுதான். அதற்குள் எவ்வளவு பயம் இருந்தது என்று சின்ன வயதில் எனக்குத் தெரியாது. இதைச் சொன்னதும் குழுவில் மூத்தவரான ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கணவர் ஸ்காலப் என்கிற சிப்பி பிடிக்கிற படகில் போனவர், அவர்கள் பூர்வீகம் போர்ச்சுகலின் மதீரா தீவு. இந்த ஊரில் போர்ச்சுகீசியர்கள் நிறைய. கதவுகளில் பெர்னாண்டஸ், மச்சாடோ என்று பார்க்கும்போதெல்லாம் பனிமய மாதா கோயில் தெருவில் நடக்கிற மாதிரியே இருக்கிறது.

மறுநாள் பூசை முடிந்து அவரோடு சீமென்ஸ் பெத்தெலுக்குப் போனேன். மெல்வில் நாவலில் எழுதியிருக்கிற மாலுமிகளின் சின்னக் கோயில் அது. சுவர் முழுக்கப் பளிங்குப் பலகைகள். கடலில் போய்த் திரும்பாதவர்கள், புதைக்க உடல் கிடைக்காதவர்கள், அவர்களுடைய பெயர், வயது, எந்தக் கடலில் போனார்கள் என்பதெல்லாம் செதுக்கியிருக்கிறது. திமிங்கலக் காலத்தோடு அது நின்றுவிடவில்லை, பிற்காலத்து மீனவர்களின் பெயர்களும் இருக்கின்றன. நம் சித்தப்பாவுக்குக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு பெயர்ப் பலகையாவது வைக்க வேண்டும் அம்மா. உடல் கிடைக்கவில்லை என்பதற்காக இத்தனை வருஷம் விட்டுவிட்டோம். அப்பாவிடம் பேசிப் பாருங்கள். பணம் நான் அனுப்புகிறேன்.

அடுத்த புத்தகமாக ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ வைக்கலாம் என்று நான் சொன்னேன், ஒத்துக்கொண்டார்கள். இவர்கள் ஆங்கிலத்தில் படிப்பார்கள். சமைப்பது நான்தான் என்று இப்போதே சொல்லிவிட்டார்கள். உங்கள் மட்டிக் கறியையும் கருவாட்டுக் குழம்பையும் அளவோடு எழுதி அனுப்புங்கள். ‘கண் அளவு’ என்று எழுதாமல், தேங்காய் எத்தனை சில்லு, புளி எவ்வளவு என்று தம்பியைப் பக்கத்தில் வைத்து எழுதச் சொல்லுங்கள். கருவாட்டை மட்டும் பார்சலில் அனுப்ப வேண்டாம், இங்கேயே போர்ச்சுகீசியக் கடையில் உப்புப் போட்ட கோட் கிடைக்கிறது, அதை வைத்துச் செய்து பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்